கடல் கடந்த படிப்பு – 11: மூன்று மாதம் முந்திப் போனவர்

“செத்தல் மிளகாய் தாளிக்க முதல் குசினிக் கதவை இறுக்கிச் சாத்துங்கோ, யன்னலைத் திறவுங்கோ. கதவு திறந்து கிடந்தால் புகை நடைபாதைக்குப் போகும். மணி அடிக்கும். முழுக் கட்டடமும் குளிருக்குள்ள வந்து நிற்கும்.”

இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழக விடுதியில் இருந்து சுன்னாகம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் தம்முடைய வட்ஸ்அப் குழுவில் போட்ட பதிவு இது. மேலே ஒரு படம். இரவு நேரம், விடுதி முற்றம், போர்வையைச் சுற்றிக்கொண்டும் வெறுங்காலோடும் நிற்கும் பல நாட்டு இளைஞர்கள். கீழே நகரத்தின் பெயர், திகதி. அடுத்த செப்ரெம்பரில் அங்கே போக இருக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் இருந்தபடி கேள்விகளை அடுக்கியிருந்தார்கள். கருவாடு பொரிக்கலாமா? குசினியை எத்தனை பேர் பாவிக்கிறீர்கள்? மணி அடித்தால் தண்டம் கட்ட வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் நேரே பதில் இருந்தது.

விசா, வங்கிக் கணக்கு, ஆங்கிலப் பரீட்சை என்று போகும்வரையான பாடுகளைப் பற்றி இதுவரை எழுதி வந்தேன். இந்த வாரம் போய் இறங்கிய பிறகு தொடங்கும் பாடு. அதற்குப் பல்கலைக்கழகத்தின் வரவேற்பு வாரம் மட்டும் போதாது. தீப் பாதுகாப்பைப் பற்றி அங்கே சொல்வார்கள்; செத்தல் மிளகாயைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

யாழ் குடாநாட்டுக்கு இந்தப் பாடு புதிதல்ல. அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியில் படித்த இருவர், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விஸ்வநாதபிள்ளையும், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். அன்றிலிருந்து சென்னை, சிதம்பரம், கல்கத்தா, லண்டன் என்று எங்கள் பிள்ளைகள் படிக்கப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த பிறகு, உள்ளூரில் இடம் கிடைக்காத பலர் காணியை ஈடு வைத்துப் பிரித்தானியாவுக்குப் போனார்கள். அவர்களுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது நீல நிற ஏரோகிராம். எழுதிய கேள்விக்குப் பதில் வருவதற்குள் அந்தக் கேள்வியே பழசாகிவிடும். 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் தொலைபேசித் தொடர்பே இருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்கக் கிளாலிக் கடலைக் கடந்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போன பெற்றோர் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள்.

இன்று குரலுக்கும் முகத்துக்கும் குறைவில்லை. ஆனால் பேசும் விஷயம் அதிகம் மாறவில்லை. அன்று ஏரோகிராமில் “நான் சுகம்” என்று எழுதினார்கள். இன்று வீடியோவில் அறையின் துப்புரவான மூலையைக் காட்டுகிறார்கள். “பிள்ளை சிரிச்சுக்கொண்டுதான் கதைக்கிறான், ஆனா சாப்பிட்டியா எண்டு கேட்டால் கதையை மாத்துறான்” என்று கொக்குவிலில் ஒரு தாய் என்னிடம் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதை அந்தப் பிள்ளை எங்கே சொல்வது? யாரிடம் சொல்வது?

புதிய நாட்டில் ஒருவருக்கு ஏற்படும் தடுமாற்றத்தை அறிஞர்கள் நீண்டகாலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய நோர்வே நாட்டவர்களை 1955இல் ஆராய்ந்த லிஸ்கார்ட், தொடக்கத்தில் உற்சாகம், ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை சோர்வு, அதன்பின் தெளிவு என்று ஒரு வளைவைக் கண்டார். 1960இல் ஓபெர்க் என்ற மானிடவியலாளர் பழக்கமான அடையாளங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றத்தை விளக்கினார். எப்போது கைகொடுப்பது, யாருக்கு எப்படி வணக்கம் சொல்வது என்ற சின்னஞ்சிறு அடையாளங்கள்தான் அவை. நியூசிலாந்தில் படித்த யப்பானிய மாணவரை வைத்து கொலின் வார்டும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு அந்த வளைவை மறுத்தது. மனச்சோர்வு மிகுந்திருந்தது வந்து இறங்கிய நாட்களிலேதான் என்று அது காட்டியது. பிரித்தானியாவில் ஒரு வருட முதுகலைக்குப் போகும் எங்கள் பிள்ளைக்கு இந்த முடிவு மிகவும் பொருந்தும். ஒன்றரை வருடம் காத்திருந்து தெளிவதற்கு அவருக்கு நேரமில்லை. முதல் தவணைக் கட்டுரைகளை ஒப்படைக்கும் நாள் அதற்குள் வந்துவிடும்.

தடுமாற்றம் எங்கே வருகிறது என்று பாருங்கள். இங்கே “சேர்” என்று எழுந்து நின்று பழகியவர், அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாக்கு எழாது. அதனால் சந்தேகம் கேட்கவே போகமாட்டார். ரியூசனில் தந்த குறிப்பை எழுத்துப் பிசகாமல் எழுதி இங்கே முதற்தரச் சித்தி பெற்றவர், அங்கே ஒரு நூலின் வசனங்களை எங்கிருந்து எடுத்தார் என்று காட்டாமல் எழுதினால் திருட்டு என்று விசாரணைக்கு அழைக்கப்படுவார். கலந்துரையாடல் வகுப்பில் வாய் திறவாமல் இருப்பதை இங்கே மரியாதை என்போம். அங்கே வாசிக்காமல் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

வெளிச்சத்தையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். லண்டனில் டிசெம்பர் நடுப்பகுதியில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. பின்னேரம் நான்கு மணிக்கு முன் சூரியன் விழுந்துவிடும். பகல் வேலைக்குப் போய் வரும் பிள்ளை பல நாட்களில் வெயிலே காண்பதில்லை. ஏன் இப்படி அலுப்பாக இருக்கிறது என்று அவருக்கு விளங்காது. தனக்குத்தான் ஏதோ பிழை என்று நினைப்பார்.

இதையெல்லாம் லண்டன் ஹரோவில் முப்பது வருடமாக இருக்கும் மாமாவிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்கலாம். அவர் விமான நிலையத்துக்கு வருவார், முதல் கிழமை சோறு போடுவார், குளிர்கோட்டு வாங்கித் தருவார். அந்த உதவிக்கு ஈடில்லை. ஆனால் எது புதினமாக இருந்தது என்பதை அவர் மறந்து பல காலம். அவர் போன லண்டனும் வேறு. மூன்று மாதம் முந்திப் போனவருக்கோ எல்லாம் பச்சையாக நினைவிருக்கிறது. வெளியூர்ப் பஸ் கை காட்டாவிட்டால் நிற்காமல் போய்விடும் என்பது நேற்றுத்தான் பஸ்ஸைத் தவறவிட்டு அவர் படித்தது. மின்சார மீற்றருக்குக் கடையில் போய்க் காசு ஏற்ற வேண்டும் என்பது போன கிழமை இருட்டில் இருந்து படித்தது. அந்த நினைவு மங்குவதற்குள் எழுதி வாங்கிவிட வேண்டும். கைத்தொலைபேசிக் குழுவின் உண்மையான பெறுமதி இங்கேதான். நின்ற இடத்திலேயே படம் எடுத்து, மூன்று வரி எழுதி, எல்லோரும் பார்க்கும்படி போடலாம். ஒருவர் பட்டது பத்துப் பேருக்குப் பாடமாகும். கேட்க வெட்கப்பட்டு மௌனமாக இருக்கும் பிள்ளையும் வாசித்துக்கொள்ளும்.

படம் ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு பதிவைச் சொல்கிறேன். ஒரு மருத்துவ நிலையத்தின் வாசல், கையில் நிரப்பிய பதிவுப் படிவம். கீழே: “விசாவோட சேர்த்துக் கட்டின காசு இதுக்குத்தான். வருத்தம் வர முதல் பதியுங்கோ. காசு கேக்க மாட்டினம்.” பிரித்தானிய மாணவ விசாவுக்கு விண்ணப்பிப்பவர் சுகாதாரக் கட்டணமாக வருடத்துக்கு 776 பவுண் கட்டுகிறார். கட்டிய பிறகும் வைத்தியரிடம் போனால் பெரிய தொகை கேட்பார்களோ என்று பயந்து, ஊரிலிருந்து கொண்டுபோன பனடோலோடு காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசாங்க இணையத்தளத்தில் எல்லாம் எழுதியிருக்கிறதுதான். ஆனாலும் தன்னைப் போன்ற ஒருத்தி அந்த வாசலில் நிற்பதைக் கண்ட பிறகுதான் கால் எழும்புகிறது.

இனி எச்சரிக்கைகள். வதந்தியும் இதே குழுவில்தான் ஓடுகிறது. மாணவர் வேலை செய்யக்கூடிய நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி. கனடாவில் 2024 நவம்பர் முதல் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி. அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. மூன்று நாட்டுப் பிள்ளைகளும் இருக்கும் குழுவில் நாடு குறிப்பிடாமல் “24 மணி செய்யலாம்” என்று ஒருவர் எழுத, பர்மிங்காமில் இருப்பவர் அதை நம்பினால் விசாவே பறிபோகலாம். விதிகளும் நிலையாக இருப்பதில்லை. முதுகலை மாணவர் பெரும்பாலானோர் குடும்பத்தை அழைத்துப் போகும் வசதியைப் பிரித்தானியா 2024 ஜனவரியில் நிறுத்தியது. அதற்கு முந்திய பதிவை இன்று வாசித்து ஏமாறக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் நாடு, நகரம், திகதி மூன்றும் இருந்தே ஆக வேண்டும். விசா, சட்டம் பற்றிய கேள்விக்குக் குழு பதில் சொல்லாமல் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பிரித்தானியாவில் இதற்கென்றே 1968 முதல் இயங்கும் சர்வதேச மாணவர் விவகார மன்றமும் இருக்கிறது.

இன்னும் மூன்றைச் சொல்ல வேண்டும். பெற்றோரைக் குழுவில் சேர்க்காதீர்கள். அம்மா வாசிக்கிறா என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் “இண்டைக்கு அழுதனான்” என்று எழுதாது. ஆள்பிடித்துத் தரகு வாங்கும் முகவரையும் சேர்க்காதீர்கள். அவர் இருக்கும் இடத்தில், “இந்தப் படிப்புக்கு வந்தது பிழை” என்ற உண்மை வெளியே வராது. குழுவில் புதுக் கோட்டும் பாலமும் கோபுரமும் மட்டுமே படமாக வந்தால், அறையில் தனித்திருக்கும் பிள்ளையின் தனிமை இரட்டிப்பாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, குழு நன்றாக நடப்பதிலேயே இருக்கிறது. தமிழில் கேள்வி, தமிழில் பதில், தமிழ் நண்பர், தமிழ்க் கடை, தமிழர் வேலைத்தலம் என்று வருடம் முழுக்க ஓடிவிடலாம். தமிழர் நிறைந்த ஈஸ்ட்ஹாமிலோ ஸ்காபறோவிலோ அது மிகவும் சுலபம். ஹவாயில் படித்த வெளிநாட்டு மாணவரின் நட்புகளை 1977இல் ஆராய்ந்த ஸ்டீபன் பொக்னரும் அவரோடு சேர்ந்தவர்களும் மூன்று வட்டங்களைக் கண்டார்கள். சொந்த நாட்டவர் வட்டம் தன் பண்பாட்டோடு இளைப்பாற உதவுகிறது. அந்த நாட்டவர் வட்டம் படிப்புக்கும் தொழிலுக்கும் வழி காட்டுகிறது. பிற வெளிநாட்டு மாணவர் வட்டம் கூடிப் பொழுதைக் கழிக்க இருக்கிறது. மூன்றும் வேண்டும். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் முகப்பில் சங்கடப்படலை இருக்கும். வழிப்போக்கன் அதன் கூரை நிழலில் குந்துவான், தண்ணீர் குடிப்பான், பிறகு தன் வழியே போவான். மாணவர் குழுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். அங்கேயே படுக்கை விரிக்கக் கூடாது.

கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளை இங்கே நினைக்கிறேன். 1930களில் அவர் ரோமாபுரியில் உர்பான் பல்கலைக்கழகத்தில் படித்தார்; பல கண்டங்களில் இருந்தும் மாணவர் வந்து கூடும் இடம் அது. தமிழைத் தமிழருக்கு மட்டும் சொல்லாமல் உலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்ற வேட்கையோடு 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்க முன்னின்றவர் அவர். பிற நாட்டவரோடு ஒரே மேசையில் உண்டு படித்த வருடங்களுக்கு அந்த வேட்கையில் பங்கு உண்டு என்பதே என் துணிபு. ஆகவே குழுவில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவரலாம். வாரத்தில் ஒரு பதிவாவது தமிழரல்லாத ஒருவரிடம் இருந்து கற்றதாக இருக்கட்டும். அந்த முற்றத்தில் போர்வையோடு நின்றவர்களில் ஒருவரின் பெயரையாவது கேட்டு அறிந்தீர்களா என்று ஒருவரையொருவர் கேளுங்கள்.

இதே கேள்வியை எங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கும் கிளிநொச்சி அறிவியல் நகருக்கும் தெற்கில் இருந்து சிங்கள மாணவர்கள் படிக்க வருகிறார்கள். நாடு ஒன்று என்றாலும் மொழியும் சாப்பாடும் வழக்கமும் அவர்களுக்குப் புதிது. 2016 ஜூலையில் விஞ்ஞான பீட வரவேற்பு நிகழ்வில் கண்டி நடனத்தை வைத்து எழுந்த தகராறு கைகலப்பாகி, மாணவர்கள் காயப்பட்டு, வகுப்புகள் நின்றுபோனதை நாம் மறக்கக் கூடாது. நல்லூர்க் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றியே போக வேண்டும் என்பதையும், எந்தப் பஸ்ஸில் ஏறினால் விடுதி வாசலில் இறங்கலாம் என்பதையும் மாத்தறையில் இருந்து வரும் பிள்ளைக்கு யார் சொல்வது? எங்கள் பிள்ளைக்கு லீட்ஸில் ஒருவர் செய்ய வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதைத் திருநெல்வேலியில் நாம் செய்ய வேண்டும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்த ஒரு குழுவை இரண்டாம் வருட மாணவர் நாலு பேர் சேர்ந்தால் இன்றே தொடங்கிவிடலாம். அதற்குச் சுற்றறிக்கையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

வெளிநாட்டில் முதல் வருடத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்களைத் தடுமாற வைத்த ஒன்றைப் படம் எடுத்து, நடந்ததை நடந்தபடி மூன்று வரியில் எழுதி, நாடும் நகரமும் திகதியும் போட்டு, அடுத்து வருபவருக்காகப் பதிந்துவிடுங்கள். செப்ரெம்பரில் கட்டுநாயக்கவில் விமானம் ஏறப்போகும் தம்பியும் தங்கையும் யாரும் சொல்லாமலே தாமாகப் பழகிக்கொள்ள வேண்டும் என்று இனியும் விடக் கூடாது.

(தொடரும்)