கூண்டு மீன்களைத் தாக்கும் நோய்: தடை மட்டும் போதுமா?

புதுதில்லி: கடலில் மிதவைக் கூண்டு அமைத்து மீன் வளர்க்க மத்திய அரசு மானியம் அளித்து ஊக்குவிக்கிறது. ஆனால், கூண்டுக்குள் நோய் புகுந்தால் மீனவர் என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் தெளிவான விடை இல்லை.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2007-ல் விசாகப்பட்டினம் கடலில் கொடுவா மீனைக் கூண்டில் வளர்த்துக் காட்டியது. மண்டபத்தில் உள்ள அதன் மையம் 2010-ல் கடல் விரால் மீனையும், 2011-ல் வெள்ளி பொம்பானோ மீனையும் குஞ்சு பொரிக்கச் செய்தது. ரூ. 20,050 கோடி மதிப்பில் 2020-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கூண்டு வளர்ப்பும் இடம்பெற்றது.

இம்மீன்களின் பெரும் பகை "விப்ரியோ" வகை பாக்டீரியா. இது கடல்நீரில் இயல்பாகவே வாழ்வது. நெரிசல், வெப்பம், மழைக்காலத்தில் நீரின் உப்புத்தன்மை திடீரெனக் குறைதல், பாசி படிந்த வலையால் நீரோட்டம் தடைபடுதல் ஆகியவற்றால் மீன் நலிவடையும்போது அது தாக்குகிறது. மீன் இரை எடுக்காது, செதில் உதிரும், துடுப்பின் அடியில் ரத்தம் கட்டும், உடலில் புண் தோன்றும். நெருக்கமான கூண்டில் நோய் விரைவில் பரவும்.

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டது. 2023-ல் திருத்தப்பட்டபோது கூண்டு வளர்ப்பும் அதன் வரம்புக்குள் வந்தது. மனித உடல்நலனுக்குத் தீங்கு தரும் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பயன்படுத்தவும் தடை விதிக்கப்பட்டது.

தடை நியாயமானதே. நோயுற்ற மீன் இரை எடுக்காததால், இரையில் கலந்த மருந்து கடலில்தான் கரைகிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. மருந்தின் எச்சம் கண்டறியப்பட்டால் வெளிநாடுகள் சரக்கைத் திருப்பி அனுப்புகின்றன.

ஆனால், தடை மட்டுமே நோயைத் தீர்த்துவிடாது. நார்வே நாட்டுப் பண்ணைகள் 1987-ல் ஏறத்தாழ 50 டன் ஆன்டிபயாடிக் மருந்தைப் பயன்படுத்தின. தடுப்பூசி பரவலானபின், மீன் உற்பத்தி பன்மடங்கு பெருகியும், மருந்தின் அளவு ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கியது.

இந்தியாவில் நீர்வாழ் உயிரின நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2013-ல் தொடங்கியது. நோய் குறித்துத் தகவல் தெரிவிக்க 2023-ல் கைப்பேசிச் செயலி வந்தது. கொடுவா மீனைத் தாக்கும் வைரஸ் நோய்க்குச் சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் தடுப்பூசி கண்டுள்ளது. ஆற்றல் இருக்கிறது என்பதற்கு இவையே சான்று.

பாக்டீரியா நோய்க்கும் கட்டுப்படியாகும் விலையில் தடுப்பூசி, கடற்கரைக்கு அருகிலேயே பரிசோதனைக்கூடம், நோய் இழப்புக்குக் காப்பீடு ஆகிய மூன்றும் மீனவரைச் சென்றடைய வேண்டும். இல்லையேல் கூண்டுக்கு அளித்த மானியம் கடலில் கரைத்த பெருங்காயமாகவே முடியும்.