கண்டிக்கோட்டைப் பள்ளத்தாக்கிற்கு ஒரு பகற்பயணம்

கதிரவெளியிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிலம் என்பது தட்டையான ஒரு பொருள். கிழக்கே கடல், மேற்கே காடும் வயலும், வடக்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறு. எங்கள் ஆறு நிலத்தோடு நிலமாக ஊர்ந்துவந்து, மாரியிலே கரைகடந்து, கோடையிலே மெலிந்து, ஆரவாரமின்றிக் கடலிற் கலப்பது. ஆறொன்று மலையை வாள்கொண்டு அறுத்ததுபோல் அறுத்து, சில நூறு அடி ஆழத்திலே ஓடுதல் கூடும் என்று பூமிசாத்திர பாடத்திலே ஆண்டுதோறும் மாணவர்க்குப் படிப்பித்துவந்தேனேயன்றி, அத்தகைய காட்சியை நான் கண்ணாற் கண்டதில்லை. 2018ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையிலே திருப்பதி யாத்திரை சென்றபோதுதான் அக்குறை நீங்கிற்று. எனது மனைவியும், தமக்கையின் மகனும் உடன்வந்தனர்.

நாங்கள் சென்ற இடம் ஆந்திர மாநிலத்துக் கடப்பை மாவட்டத்திலுள்ள கண்டிக்கோட்டை. பெயரைக் கேட்டதும் நம்மவர் மலைநாட்டுக் கண்டியை நினைத்துக்கொள்வர். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தெலுங்கிலே 'கண்டி' என்றால் மலையிடுக்கு. மலையிடுக்கின் விளிம்பிலே கட்டப்பட்ட கோட்டையாதலின் கண்டிக்கோட்டை ஆயிற்று. அமெரிக்காவிலுள்ள பெரும் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டு இதனை 'இந்தியாவின் கிராண்ட் கன்யன்' என்று விளம்பரம் செய்கின்றனர். அந்த ஒப்பீடு சற்றே மிகை. கொலராடோ ஆறு குடைந்த அப்பள்ளம் 446 கிலோமீற்றர் நீளமும், சில இடங்களில் 29 கிலோமீற்றர் அகலமும், 1,800 மீற்றருக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. கண்டிக்கோட்டையில் ஆற்றிடுக்கு ஏறக்குறைய முந்நூறு அடி அகலமே உடையது. மேலிருந்து நீர்மட்டமும் அவ்வளவு ஆழத்திலே கிடக்கின்றது. ஆயினும் முந்நூறு அடி என்பது தென்னைமரம் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய உயரம். விளிம்பிலே நிற்பவனுக்கு அதுவே போதும்.

அந்நிலப்பகுதி இலக்கணப்படி பாலைவனம் அன்று. மணற்குன்றுகளும் ஒட்டகங்களும் அங்கே இல்லை. இராயலசீமை எனப்படும் மழைமறைவுப் பிரதேசம் அது; முள்மரமும் வெடித்த பாறையும் நிறைந்தது. தமிழர் இதனை வேறு வகையாக எண்ணிப் பார்த்தனர். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை தோன்றும் என்பது இளங்கோவடிகள் தந்த விளக்கம். சித்திரை வெயிலிலே எர்ரமலைக் குன்றுகளைக் கண்டபோது, பள்ளியிலே படித்த அவ்விளக்கம் ஏட்டுக்கல்வி அன்று என்பது விளங்கிற்று.

இனி, இப்பள்ளம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் காண்போம். அங்கே ஓடுவது வடபெண்ணையாறு. கருநாடகத்து நந்திமலைப் பகுதியிலே தோன்றி, அனந்தப்பூர், கடப்பை, நெல்லூர் மாவட்டங்களைக் கடந்து, 597 கிலோமீற்றர் ஓடி, வங்கக்கடலிலே விழுகின்றது. நமக்குப் பழக்கமான தென்பெண்ணையும் அந்நந்திமலைப் பகுதியிலேயே பிறக்கின்றது. பள்ளத்தின் இருமருங்கும் சுவராக நிற்கும் பாறை, 150 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலொன்றின் அடியிலே படிந்த மணல். மணல் அடுக்கடுக்காய்ப் படிந்து, மேற்சுமையால் இறுகி மணற்கல்லாகி, பின்னர் மணிகளுக்கிடையே சிலிக்கா புகுந்து பற்றிக்கொண்டதனால் மிகக் கடினமான படிகக்கல்லாயிற்று. புவிச்சரித நூலார் இப்பாறைக்குக் 'கண்டிக்கோட்டைப் படிகக்கல்' என்றே பெயரிட்டுள்ளனர். தமிழ்நாட்டுச் சமையலறைகளிலே மேடையாகப் பதிக்கப்படும் கடப்பைக்கல் இதுவன்று; அது அம்மாவட்டத்திலேயே கிடைக்கும் சுண்ணாம்புக்கல்.

இக்கல் கடினமானதாயினும், நெடுக்கும் குறுக்குமாக வெடிப்புகள் உடையது. கிடையாக அடுக்குகள், நிலைகுத்தாக வெடிப்புகள். ஆகவே பாறைச்சுவர் பெரிய பெரிய செங்கற்களை அடுக்கினாற்போலக் காட்சியளிக்கின்றது. ஆற்றுநீர் தானாகக் கல்லை அறுப்பதில்லை. வெள்ளகாலத்திலே அது உருட்டிவரும் மணலும் கூழாங்கல்லுமே அரம்போல அடியைத் தேய்க்கின்றன. அடி தேய, மேலே வெடிப்போடு நின்ற கட்டிகள் பிடிப்பிழந்து சரிந்து விழுகின்றன. மழை மிகுந்த நாட்டிலே இச்சரிவுகள் கரைந்தும் மண்மூடியும் சாய்வான பள்ளத்தாக்காகிவிடும். மழை குன்றிய நாட்டிலோ சுவர் செங்குத்தாகவே நின்றுவிடுகின்றது. வறண்ட நிலங்களிலே இத்தகைய பள்ளங்கள் எடுப்பாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். பாறையிலுள்ள இரும்பின் துரு அதற்குச் செந்நிறம் தருகின்றது. காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் படும்போது அந்நிறம் கனல்வதைக் காணல் வேண்டும். நண்பகலிலே பாறை வெளிறிப்போய், பார்க்கத்தக்கது எதுவுமில்லை என்று தோன்றும்.

செல்லும் வழி எளிது. சென்னையிலிருந்து கடப்பைக்குப் புகைவண்டி உண்டு. கடப்பையிலிருந்து ஜம்மலமடுகு என்னும் சிற்றூருக்கு பஸ் வண்டியிலும், அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றர் வரை ஓட்டோவிலும் செல்லலாம். விடியுமுன் கடப்பையை விட்டால் இளவெயிலிலே கோட்டை வாயிலை அடையலாம். கோட்டைக்குள்ளே இன்றும் ஒரு கிராமம் உளது. வீடுகளும் ஆடுகளும் பழைய மதிலுக்குள்ளேயே வாழ்கின்றன.

கோட்டையின் வரலாறு பெரிது, சுருக்கமாகவே சொல்கின்றேன். பன்னிரண்டாம் நூற்றாண்டிலே தொடக்கம் என்பது மரபு. பின்னர் விசயநகர அரசின்கீழ்ப் பெம்மசானி நாயக்கர் நெடுங்காலம் ஆண்டனர். பின்பு கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா இதனைக் கைப்பற்றினான். 1652ஆம் ஆண்டிலே பிரெஞ்சு நாட்டு இரத்தின வணிகர் தவர்னியே அங்கு சென்று, தாம் கண்டதை எழுதிவைத்தார். மாதவராய சுவாமி கோயில், அரங்கநாதர் கோயில், சும்மா மசூதி, தானியக் களஞ்சியம், சிறைக்கூடம் ஆகியவை இன்றும் நிற்கின்றன. களஞ்சியத்தின் பருமனைக் கண்டு நான் வியந்தேன். முற்றுகையிட்ட பகைவர் ஒருபுறம், பஞ்சம் மறுபுறம் என வாழ்ந்த மக்கள், நெல்லுக்கும் கடவுளுக்கும் ஒத்த அளவிலே மாளிகை எடுத்திருக்கின்றனர்.

பள்ளத்தின் விளிம்பு மசூதிக்கு அப்பாலுள்ளது. பாறைகளைத் தாண்டிச் சென்றால் நிலம் திடீரென்று முடிந்துவிடுகின்றது. நாங்கள் சென்ற இடத்திலே வேலியில்லை, கம்பியில்லை. காற்றும் பலமாக வீசும். படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி அடிவைக்கும் வழக்கம் அங்கே உயிருக்கு உலை வைக்கும். விளிம்பை அணுகும்போது நின்றுகொண்டு போகாது, சில முழம் முன்பே அமர்ந்து பார்ப்பது நன்று. என் மனைவி அவ்வாறே செய்தார். நான் ஆண்மகன் என்ற எண்ணத்தினால் நின்று பார்த்து, தலைசுற்றிப் பின்வாங்கினேன்.

நான் செய்த பெரும் பிழை வேறு. ஆற்றங்கரைக்கு இறங்கும் கரடுமுரடான தடம் ஒன்று கண்ணிற் பட்டது. "மாமா, தண்ணீரைத் தொட்டுவிட்டு வந்துவிடலாமே" என்றான் மருமகன். இருபது வயதுப் பிள்ளை. மணி பத்தரை. எங்களிடம் இருந்தது ஒரேயொரு போத்தல் தண்ணீர். தலைமையாசிரியனாக இருந்து ஆயிரம் பிள்ளைகளைச் சுற்றுலாவிற்கு அழைத்துச் சென்றவன், அப்போது தலையசைத்து உடன் இறங்கினேன். இறங்குவது எளிதாயிருந்தது. இறங்க இறங்கக் காற்று நின்று, வெப்பம் கூடிற்று. இருபுறப் பாறையும் சூளைச்சுவர்போல் அனலைத் திருப்பி வீசின. பாதிவழியிலே தண்ணீர் முடிந்தது. திரும்பி ஏறும்போது மருமகன் பேச்சைக் குறைத்தான். பின்னர் கால்கள் பிடித்துக்கொண்டன என்றான். பின்னர் ஒரு கல்லிலே சாய்ந்து, கேட்ட கேள்விக்கு வேறெதையோ விடையாகச் சொன்னான். அக்கணம் என் தமக்கையின் முகமே என் கண்முன் நின்றது. அவ்வழியே வந்த ஆட்டிடையர் ஒருவர் தம் தோற்பையிலிருந்த நீரைத் தந்து, துண்டை நனைத்து அவன் கழுத்திலும் அக்குளிலும் இட்டு, பாறை நிழலிலே முக்கால் மணிநேரம் கிடத்திவைத்தார். எங்களுக்குத் தெலுங்கு தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை எழுந்து பெயர் சொல்லி என்னை அழைத்தபின்பே அவர் தம் ஆடுகளைத் தேடிப் போனார்.

மலையேறுபவன் முதலிலே உழைக்கின்றான், களைத்தால் இறங்கிவிடுகின்றான். பள்ளத்தில் இறங்குபவனுக்கோ எளிய பாதி முன்னும், கடிய பாதி பின்னும் வருகின்றன. அப்பின்பாதியும் வெயில் ஏறிய வேளையிலே வருகின்றது. அமெரிக்கப் பெரும் பள்ளத்தாக்கிலே, ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கி மீளமுயல வேண்டா என்று பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கின்றனர். ஏறுவதற்கு இறங்கியதைப்போல் இருமடங்கு நேரம் கொள்க என்றும் சொல்கின்றனர். கார்த்திகை முதல் மாசி வரையுமே கண்டிக்கோட்டைக்குச் செல்லத்தக்க காலம். சித்திரையிலே அங்கு வெப்பம் நாற்பது பாகையை எட்டும். ஆளொன்றுக்கு மூன்று லீற்றர் நீராவது கொண்டுசெல்க. ஒரு லீற்றர் நீரிலே ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் தட்டையாக அளந்து கரைத்த போத்தல் ஒன்று தனியே இருப்பது நலம். தலையிடி, குமட்டல், தசைப்பிடிப்பு கண்டால் நிழலிலே இருத்தி, சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தல் வேண்டும். பேச்சுத் தடுமாறினால் அது களைப்பன்று. உடலை நனைத்து விசிறி, வைத்தியரிடம் விரைதல் வேண்டும். எங்கள் பிள்ளை அக்கட்டத்தின் வாயிலிலே நின்றிருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

வறண்ட நாட்டிலே மற்றோர் ஆபத்து வெள்ளம் என்றால் வியப்பாயிருக்கும். 1997 ஆகத்து 12ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, அன்ரிலோப் என்னும் குறுகிய பள்ளத்துள் நின்ற பதினொரு சுற்றுலாப் பயணிகள் மாண்டனர். அவர்கள் நின்ற இடத்திலே மழை இல்லை. சில மைல் தூரத்திலே பெய்த மழை சுவர்போல் வந்து அவர்களை அள்ளிச் சென்றது. பாறைநிலம் நீரை உறிஞ்சாது. பெய்தது முழுவதும் ஒரே வேளையிலே இடுக்குக்குள் ஓடிவரும். 2021 கார்த்திகையிலே பெண்ணையின் துணையாறாகிய செய்யேற்றின் அன்னமய்யா அணை, அதே கடப்பை மாவட்டத்திலே உடைந்து உயிர்ச்சேதம் விளைத்ததையும் நினைவிற் கொள்ளலாம்.

பெண்ணையின் நீரைத் தேக்கிக் கண்டிக்கோட்டை நீர்த்தேக்கம் இப்போது அமைந்துள்ளது. கிருட்டிணை ஆற்றுநீரும் கால்வாய் வழியாக அங்கே வருகின்றது. வறண்ட வயல்களுக்கு அது வேண்டியதே. ஆயினும் அதற்காகச் சில ஊர்கள் நீரில் மூழ்கின. மக்கள் வீடுவாசலை விட்டு வேறிடம் பெயர்ந்தனர். சுற்றுலாக் கையேடுகள் இதைக் கூறுவதில்லை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும், 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வையும் கண்ட வாகரைப் பகுதியார், நீருக்கடியிலே ஊர் இருக்கின்றது என்ற சொல்லை எளிதிற் கடந்து செல்ல இயலாது. பாறை விளிம்பிலே அமர்ந்து நான் அதையே நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியபின் நிலப்படங்களைப் புரட்டியபோதுதான் வேறொன்று புலனாயிற்று. பள்ளத்தாக்கைத் தேடி நான் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே, மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடாவிலே, திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கொன்று தொடங்குகின்றது. கரையருகிலேயே தொடங்கி, பலகிளைகளாய்ப் பிரிந்து, கண்டிக்கோட்டை இடுக்கைப் பன்மடங்கு விழுங்கவல்ல ஆழத்திற்கு வங்கக்கடலின் அடியை நோக்கிச் சரிந்து செல்கின்றது. உலகிலுள்ள பெரிய கடலடிப் பள்ளங்களுள் அதுவும் ஒன்று. பங்குனி, சித்திரை மாதங்களிலே நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அண்மையிலே தோன்றுவதற்கு அவ்வாழம் ஒரு காரணம் என்பர்.

இதனை அயல்வீட்டு மீனவப் பெரியவர் ஒருவருக்குப் படம் வரைந்து விளக்கினேன். வரைந்து முடியும்வரை பொறுமையாகக் கேட்டிருந்தார். பின்னர், "அந்த இடத்திலே நங்கூரம் நிலம் காணாது, ஐயா. எங்கள் அப்பா காலத்திலேயே தெரியும்" என்று சொல்லி, அறுந்த வலையை மீண்டும் மடியிலே இழுத்துப் போட்டுக்கொண்டார்.