பாட்டு ஓடும் நான்கு நிமிடம்

"வணக்கம் நேயர்களே!" என்று காலை 6 மணிக்கு உற்சாகமாகச் சொல்லிவிட்டு, பாட்டு ஓடும்போது மேசையைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். உட்கார்ந்தால் எழ முடியாது. இடுப்பில் தொடங்கும் வலி இடது கெண்டைக்கால்வரை இறங்கும். வலி மாத்திரை நிகழ்ச்சி முடியும்வரை தாங்கும், அவ்வளவுதான். வயிற்றெரிச்சல் மட்டும் நாள் முழுக்க இருக்கும்.

வேறு மாத்திரை கேட்கத்தான் பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். இயன்முறை மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்கள். அவரோ, குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை மட்டும் உயர்த்தச் சொன்னார். இதற்கா இத்தனை நாள் காத்திருந்தேன்? நம் புஜங்காசனம் மாதிரிதானே!

நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி 1956இல் தற்செயலாகக் கண்ட முறையாம். தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் ஒரு நோயாளி தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட, அவர் கால்வலி குறைந்ததாம்.

முதல் வாரம் பலனில்லை. அம்மா தைலம் தேய்த்து, "அசையாமல் படும்மா" என்றார். நானும் ஒளித்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். மூன்றாம் வாரம் கால்வலி மறைந்து, இடுப்புவலி கூடியது. பயந்துபோய்க் கேட்டால், "வலி காலைவிட்டு மேலே ஏறினால் நல்ல அறிகுறி" என்றார். ஆனால் எல்லாருக்கும் இந்தப் பயிற்சி ஒத்துவராதாம். கால் மரத்தாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டுமாம்.

இப்போது மாத்திரை இல்லை. பாட்டு ஓடும்போது ஒலிப்பதிவுக்கூடத் தரையில்தான் கிடப்பேன். புதிதாக வந்த தம்பி ஒருநாள் கதவைத் திறந்து, நான் மயங்கிவிட்டதாக நினைத்துத் தண்ணீரோடு ஓடிவந்தார்.