கண்ணுக்குக் கீழே ஊசி போடும் முன்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் லேசில் ஏமாற மாட்டார்கள். சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சில்க் மார்க் முத்திரை எங்கே என்பார்கள். கூட வந்த அத்தை முந்தானையைப் பிரித்துக் கோர்வையைத் தடவிப் பார்ப்பார். அதே கல்யாணப் பெண் கருவளையம் போக்க ஓர் அழகு நிலையத்துக்குப் போகும்போது, ஊசிக்குள் என்ன மருந்து, போடுகிறவர் யார் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. கேட்டே ஆக வேண்டும். கண்ணுக்குக் கீழே செய்யப்படும் சிகிச்சை, அலங்காரம் அல்ல, மருத்துவம்.

முதலில் காரணம் தெரிய வேண்டும்

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண்ணைச் சுற்றித்தான் இருக்கிறது. அங்கே தெரியும் கருமைக்குப் பல காரணங்கள் உண்டு. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கீழ் இமைக்கு அடியில் உள்ள தோலை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழுத்தபோதும் பழுப்பு அப்படியே இருந்தால் பெரும்பாலும் அது நிறமி. நீலமோ ஊதாவோ கூடுதலாகத் தெரிந்தால் ரத்தக் குழாய்கள் வெளித்தெரிகின்றன. முகத்தை நிமிர்த்தி வெளிச்சம் நேராகப் பட்டதும் கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். உப்பலாக இருந்தால் கொழுப்போ நீரோ சேர்ந்திருக்கலாம். இது முதல் கணிப்பு மட்டுமே. முடிவு சொல்ல வேண்டியவர் தோல் மருத்துவர்.

பரம்பரையாக வரும் கருவளையம் நம் ஊரில் சாதாரணம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காருகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் மெல்லிய இழையை உற்றுப் பார்த்துக் கண் எரியும், எரிந்தால் கசக்குவார்கள். கசக்கக் கசக்கத் தோல் தடித்துக் கறுக்கும். அவர்களுக்கு முதலில் தேவை கண் பரிசோதனையும் சரியான கண்ணாடியும் தறிக்கு மேல் ஒரு நல்ல விளக்கும். ரத்தசோகையால் முகம் வெளிறினாலும் கருவளையம் எடுப்பாகத் தெரியும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். காலையில் கண் வீங்கி, காலிலும் வீக்கம் இருந்தால் சிறுநீரகப் பரிசோதனை முதலில். அழகு சிகிச்சை அப்புறம்.

எதற்கு எது

நிறமிக்கு சன்ஸ்கிரீன், வைட்டமின் சி, குறைந்த அளவு ரெட்டினால் போன்றவை மாதக்கணக்கில் மெதுவாக உதவும். அமிலம் பூசித் தோலுரிக்கும் பீலும் லேசரும் அடுத்த கட்டம். நம் மாநிறத் தோலில் அளவு தப்பினால் இருந்ததைவிடக் கறுத்துவிடும். ஆகவே சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தை நிரப்ப ஹயலுரானிக் அமில ஃபில்லர் ஊசி போடுகிறார்கள். கொழுப்புப் பைக்கு ஃபில்லர் தீர்வல்ல. அதற்கு இமை அறுவை சிகிச்சை இருக்கிறது. போடாக்ஸ் கண்ணோரச் சுருக்கத்துக்கு, கருமையைப் போக்காது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எந்த ஊசியும் வேண்டாம். கன்றிய நீலம் வடியவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

ஆபத்து எங்கே

ஃபில்லர் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால், அது பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கண்ணுக்கு ரத்தம் தரும் தமனியை அடைத்துவிடலாம். அரிதுதான், நடந்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-லேயே இதுபற்றி எச்சரித்தது. ஊசி போடும்போதோ போட்டவுடனோ பார்வை மங்குதல், கடும் வலி, தோல் வெளுத்துப் போதல், இமை தொங்குதல் ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஹயலுரானிக் அமிலத்தைக் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்து உண்டு. அது அந்த அறையிலேயே இருக்க வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குச் சுமார் 75 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

அடுத்த ஆபத்து க்ரீம். மருந்துக்கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் சில வெளுப்பு க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று தெரியும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும். கண்ணைச் சுற்றி நீண்டநாள் தடவினால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம். 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 2018-ல் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்கக் கூடாது.

பாதரசம் கலந்த வெளுப்பு க்ரீம்கள் இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில், 15 பேருக்கு அரிதான ஒரு புரதம் தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் தடவியவர்கள். வெளிநாட்டு க்ரீம் என்றால் பெட்டியில் இறக்குமதிப் பதிவு எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சிகிச்சை நடக்கும் இடமும் ஆபத்தாகலாம். 2016-ல் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் நடத்துவதற்கான உரிமம் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. மருத்துவம் படித்தவரையே பளபளப்பான வரவேற்பறை நம்ப வைத்திருக்கிறது.

ஊசிக்கு முன் ஐந்து கேள்விகள்

1. ஊசி போடப்போகிறவர் யார்? தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா, கண் இமை அறுவை நிபுணரா? அவருடைய பதிவு எண் என்ன? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள்.
2. மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்றிதழ் எங்கே? 1997-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி பதிவு கட்டாயம்.
3. மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி என்ன? பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.
4. ஹயலுரானிடேஸ் கைவசம் இருக்கிறதா?
5. எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

ஐந்தாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்கிற மருத்துவரை நம்பலாம்.

சட்டம் உங்கள் பக்கம்

சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழிகள் எல்லாவற்றையும் விளக்கிய பிறகு பெறுவதே உண்மையான சம்மதம் என்று சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆங்கிலப் படிவத்தை நீட்டினால், தமிழில் விளக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பதிவில்லாமல் மருத்துவம் பார்ப்பது, தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

பாதிப்பு வந்தால் முதலில் சிகிச்சை. அவசரம் என்றால் 108. அதோடு தேதி தெரியும்படி புகைப்படம் எடுங்கள். பில், சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். போலி மருத்துவர் என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். பதிவு பெற்ற மருத்துவரின் தவறு என்றால் மருத்துவக் கவுன்சில். க்ரீம் என்றால் மருந்து ஆய்வாளர்.

நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும், 2019-ம் ஆண்டு சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு 15100.

இத்தனை வழி இருந்தும் பலர் புகார் செய்வதில்லை. "யார் உன்னை அங்கே போகச் சொன்னது?" என்ற ஒரே கேள்வியில் வீட்டிலேயே வாயை அடைத்துவிடுகிறோம். அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமல்ல. தகுதியில்லாமல் ஊசி பிடித்ததுதான் குற்றம். பாதிக்கப்பட்ட பெண்ணைத் திட்டுவதை விட்டு, பில்லை எடுத்துக்கொண்டு அவளோடு புகார் கொடுக்கப் போங்கள். அந்தப் புகார் அடுத்த பெண்ணின் கண்ணையும் காப்பாற்றும்.