அறையைப் பார்த்துப் பெயர் சொல்லும் இயந்திரம்

ஓர் அறைக்குள் நுழைந்ததும் அது சமையலறையா, நூல் நிலையமா, வகுப்பறையா என்று கணப்பொழுதில் சொல்லிவிடுகிறோம். எப்படிக் கண்டுகொண்டோம் என்று கேட்டால் மட்டும் விழிக்கிறோம். இந்த எளிய வேலையைக் கணிப்பொறிக்குக் கற்பிக்க விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள். அதைப் பற்றிச் சிறிது காண்போம்.

"அடுப்பு இருந்தால் சமையலறை" என்று கணிப்பொறிக்கு விதி எழுதிக் கொடுப்பது பழைய முறை. தேநீர்க் கடையிலும் அடுப்பு உண்டே! விதி அங்கே தோற்றுவிடும். புதிய முறைக்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். இதில் பெயர் குறித்த படங்களை ஆயிரக்கணக்கில் காட்டுவார்கள். இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் பார்த்து ஊகிக்கும். ஊகம் தவறினால், தன்னுள் இருக்கும் எண்களைச் சற்றே திருத்திக்கொள்ளும். இப்படிப் பல இலட்சம் முறை திருத்திய பின், முன்பு காணாத படத்துக்கும் பெயர் சொல்லும்.

2009-ஆம் ஆண்டில் குவாட்டோனி, டோரால்பா என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 15,620 படங்களை 67 வகை உள்ளிடங்களாகத் தொகுத்தனர். வகுப்பறை, ரொட்டிக்கடை, ஆலயத்தின் உட்புறம் முதலியன அவற்றுள் சில. கடற்கரை, மலை போன்ற வெளியிடங்களை நன்கு இனம் கண்ட முறைகள், கட்டடத்தின் உள்ளே வந்ததும் தடுமாறின. காரணம் என்ன? நீண்ட நடைவழியை அதன் உருவமே காட்டிக்கொடுத்துவிடும். புத்தகக் கடையையோ உள்ளிருக்கும் புத்தகங்களைக் கொண்டுதான் அறிய முடியும். ஆகவே இடத்தின் அமைப்பு, அதிலுள்ள பொருள்கள் ஆகிய இரண்டையும் இயந்திரம் நோக்க வேண்டியிருந்தது.

2014-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 205 வகை இடங்களைக் காட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் படங்களைக் கொண்டு ஓர் இயந்திரத்தைப் பயிற்றுவித்தனர். பிறகு அதன் உட்பகுதிகளை ஆராய்ந்தபோது ஒரு வியப்பு காத்திருந்தது. "இது படுக்கையறை" என்று மட்டுமே கற்பித்திருந்தார்கள். கட்டில் என்ற ஒன்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆயினும் கட்டிலைக் கண்டால் விழித்துக்கொள்ளும் பகுதி ஒன்று தானாகவே உருவாகியிருந்தது!

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். காட்டிய படங்களே இயந்திரத்தின் உலகம். பொருள்களை இனம் காணும் இயந்திரங்களைப் பல நாட்டு வீடுகளில் எடுத்த படங்களைக் கொண்டு 2019-இல் சோதித்தார்கள். வசதியான வீட்டுச் சோப்பைக் கண்டுகொண்டவை, ஏழை வீட்டுச் சோப்பைக் கண்டுகொள்ளாமல் அடிக்கடி தவறின. நம் வீடுகள் பலவற்றில் ஒரே அறைதான் பகலில் கூடம், மாலையில் படிக்கும் இடம், இரவில் பாய் விரித்தால் படுக்கையறை. கட்டிலைத் தேடும் இயந்திரம் அந்த அறைக்கு என்ன பெயர் சூட்டும்?

பார்வையற்றோருக்கு இடம் சொல்லவும், வீட்டு வேலை செய்யும் இயந்திரங்களுக்கு வழி காட்டவும் இக்கலை உதவக்கூடும். அவ்வுதவி எளியவர்களுக்கும் கிட்ட வேண்டுமானால், அவர்கள் வாழும் இல்லங்களும் இயந்திரத்தின் பாடத்தில் இடம்பெற வேண்டும். நாளை நம்முள் யாரேனும் அதற்கு ஆசிரியையாக அமர்ந்தால், பாய் விரித்த அறையையும் மறவாமல் காட்டுவோமாக!