கைத்தொழில் கற்பிப்பது யார் பொறுப்பு?

பள்ளிப் படிப்பை முடித்த மகனையோ மகளையோ தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்க எண்ணும் பெற்றோர் பலர், "இதை நடத்துவது மத்திய அரசா, மாநில அரசா?" என்று வினவுவதுண்டு. இரண்டும்தான் என்பதே விடை. தொழிலாளருக்கான தொழில், தொழில்நுட்பப் பயிற்சியை நம் அரசியலமைப்பு பொதுப் பட்டியலில் வைத்துள்ளது. இரு அரசுகளும் இதுபற்றிச் சட்டம் இயற்றலாம்.

கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை 1950-இல் மத்திய அரசே தொடங்கியது. 1956-இல் நிலையங்களின் அன்றாட நிர்வாகமும், 1969-இல் நிதிப் பொறுப்பும் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டன. எனினும் பாடத்திட்டம், தரம், அகில இந்தியத் தேர்வு, தேசியச் சான்றிதழ் ஆகியவை மத்திய அரசின் பொறுப்பிலேயே நீடிக்கின்றன. அரசு நிலையங்களுக்குக் கட்டடம் எழுப்புவதும், இயந்திரம் வாங்குவதும், பயிற்றுநரை நியமிப்பதும், மாணவரைச் சேர்ப்பதும் மாநிலத்தின் கடமை. தமிழகத்தில் இவற்றை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை கவனிக்கிறது.

இந்தப் பங்கீட்டால் நன்மை உண்டு. நாகர்கோவிலில் பிட்டர் தொழில் பயின்றவரின் தேசியச் சான்றிதழ் பிலாயிலும் செல்லும். குறையும் உண்டு. தில்லியில் பாடத்திட்டம் புதிதாகலாம். பட்டறையில் பழைய கடைசல் இயந்திரமே நின்றால் மாணவர் கற்பது பழைய தொழிலையே. பயிற்றுநர் பணியிடம் காலியாகக் கிடந்தாலும் அவ்வாறே. இக்குறையை நீக்க, 2025-இல் மத்திய அமைச்சரவை 60,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. 1,000 அரசு நிலையங்களை மேம்படுத்தும் இத்திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 30,000 கோடி. மாநிலங்களின் பங்கு 20,000 கோடி. தொழில் நிறுவனங்களின் பங்கு 10,000 கோடி.

மூன்றாவது பொறுப்பாளரும் உண்டு. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளுக்கு மாநிலங்கள் வழங்கத்தக்க 29 பணிகளுள் தொழிற்கல்வியையும் சேர்த்துள்ளது. ஆனால் எவற்றை வழங்குவது என்பது மாநிலத்தின் விருப்பம். ஊரின் தேவையை நன்கு அறிந்தவர்களிடம் அதிகாரம் குறைவாக இருப்பது வருந்தத்தக்கதே.

பொறுப்பு பலரிடம் இருக்கும்போது, கேட்க வேண்டியவர் பெற்றோரே. தனியார் நிலையத்தில் பணம் கட்டுமுன், பிள்ளை சேரும் அந்தத் தொழிற்பிரிவுக்குத் தேசியச் சான்றிதழுக்கான இணைப்பு உண்டா என்று கேளுங்கள். ஒரு பிரிவுக்கு இணைப்பு இருக்க, அதே நிலையத்தின் மற்றொரு பிரிவுக்கு இல்லாமற் போகலாம். பட்டறையை நேரில் பாருங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஆலைப் பயிற்சி பெற வழி உண்டா என்றும் விசாரியுங்கள். பயிற்றுநர் இல்லையெனில் மாநிலத் துறைக்கு எழுதுங்கள்; கிராமசபையிலும் பேசுங்கள். கையில் தொழில் உள்ள பிள்ளை வீட்டுக்குத் தூண். அத்தூணை நிறுத்துவதில் நமக்கும் பங்கு உண்டு.