ஈட்டில் உள்ள வீட்டை விற்றல்

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை முதலிய அயல்களிலும் வங்கிக் கடன் பெற்று வீடு கட்டியோர் பலர். 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, மத்திய வங்கி ஏனைய வங்கிகட்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை நூற்றுக்கு 15.5 வரை உயர்த்திற்று. மாறும் வட்டிக்குக் கடன்பட்டோரின் தவணைப் பணமும் உடன் ஏறிற்று. தவணை கட்டவும் இயலாது, வீட்டை விற்றாலும் கடன் முழுதும் தீராது என்னும் நிலையில் ஒருவர் செய்யத்தக்கது யாது?

1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தினால் ஈட்டு ஆதனத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகட்கு அளித்தது. இதனையே பராட்டே என்பர். ஒல்லாந்தர் கண்டியை நிலையாக ஆள முடியாது போயினர். அவர்தம் சட்டச் சொல் மாத்திரம் கடுகண்ணாவைக் கணவாய் ஏறி வந்துவிட்டது! 2011 ஆம் ஆண்டுத் திருத்தம், முதற்றொகை 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடன்களை இதனின்றும் விலக்கிற்று. 2024 இல் இவ்வதிகாரம் சிலகாலம் இடைநிறுத்தவும் பட்டது. ஆதலின் இன்றைய நிலையைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று. தீர்மானம் வர்த்தமானியிலும் மும்மொழி நாளேடுகளிலும் வெளிவந்தபின் அவ்வீட்டுக்கு நல்ல விலை கேட்பார் அரியர். ஆகவே வங்கியுடன் பேசவேண்டிய காலம் தீர்மானத்துக்கு முந்திய காலமே.

கடன் 80 இலட்சம், வாங்குவோர் தரும் விலை 70 இலட்சம் என்று கொள்வோம். வங்கி ஈட்டை விடுவித்தாலன்றி அவர் பணம் தரார். மதிப்பீட்டாளர் அறிக்கை, வாங்குவோர் எழுத்தில் தந்த விலை, குடும்ப வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றுடன் கிளை முகாமையாளரை அணுகுதல் வேண்டும். இத்தகைய விடயத்தில் முடிவு பெரும்பாலும் தலைமைக் காரியாலயத்தினுடையது. ஆயினும் கோவை அவரிடமிருந்தே செல்லும். ஏலத்தின் செலவும் தாமதமும் வங்கிக்கும் நட்டமே என்பதைக் கணக்கிட்டுக் காட்டுக. ஈட்டை விடுவித்தல் வேறு, கடனைத் தீர்த்தல் வேறு. எஞ்சிய 10 இலட்சம் தள்ளுபடியா, தவணையில் கட்டவேண்டியதா என்பது வங்கியின் கடிதத்தில் எழுதப்படாவிடின், வீடு போனபின்னும் கடன் தொடரும். அக்கடிதம் கைக்கு வந்தபின்னரே நொத்தாரிசு முன் உறுதியில் ஒப்பமிடுக.

நம் நாட்டில் வீட்டுக் கடனுடன் எடுக்கும் காப்புறுதி, பெரும்பாலும் கடன்பட்டவர் இறந்தால் உதவுவது. விலைக் குறைவை அது நிரப்பாது. கனடாவில் வாழும் நம் பழைய மாணவர் நிலை வேறு. அங்கே முற்பணம் நூற்றுக்கு 20 இலும் குறைந்தால் ஈட்டுக் காப்புறுதி வேண்டும். கட்டணம் கடன்பட்டவர் தலையில். பாதுகாப்போ கடன் கொடுத்தவருக்கு! வங்கியின் நட்டத்தைக் கொடுத்த காப்புறுதியாளர் அதனைக் கடன்பட்டவரிடமே கேட்கவும் கூடும். ஆதலால் அங்கு குறைவிலைக்கு விற்போர், வங்கியின் கடிதத்தோடு நில்லாது, காப்புறுதியாளரின் சம்மதத்தையும் எழுத்திற் பெறுதல் வேண்டும்.